மூலிகைப் பயிருக்கு ‘டானிக்’ அடிச்சா எடை கூடும்... மருந்துச் சத்தும் கூடுமா? முழு விளக்கம்

மதுரை - திண்டுக்கல் சாலையில் இருக்கும் பரவை காய்கறி மார்க்கெட்டில் ஒரு மூட்டை முருங்கை வந்து இறங்கினால், எல்லாருடைய கண்ணும் முதலில் போவது தராசுக்குத்தான். எடை எவ்வளவு, காய் நீளமா, பார்க்க பசுமையா இருக்கா? இதை வச்சுத்தான் விலை.

காய்கறிக்கு இந்தக் கணக்கு சரி. ஆனா மருந்துக்காகவே விளைவிக்கிற பயிருக்கு? செங்காந்தள் விதை, நித்தியகல்யாணி வேர், சென்னா இலை எல்லாத்துக்குமே விவசாயி கையில் காசு வருவது எடையைப் பொறுத்து. மருந்து கம்பெனிக்குத் தேவையானதோ, அந்த எடைக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற ஒரு துளி வேதிப்பொருள்.

இந்த இடைவெளியில்தான் ‘டானிக்’ பாட்டில் வந்து நிற்கிறது. பூ கொட்டுதா, காய் பிடிக்கலையா, வளர்ச்சி இல்லையா... உரக்கடையில் கேட்டால் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பல பாட்டில்களுக்குள் இருப்பது பயிர் வளர்ச்சி ஊக்கி. இது மூலிகைப் பயிரை என்ன செய்யும்? சத்து கூடுமா, குறையுமா? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

வளர்ச்சி ஊக்கி என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வளர்ச்சி ஊக்கி என்பது உரம் கிடையாது. உரம் பயிருக்குச் சாப்பாடு. வளர்ச்சி ஊக்கி, பயிருக்குப் போகிற உத்தரவு. ‘நீளமா வளரு’, ‘வேர் விடு’, ‘பூவை உதிர்க்காதே’, ‘பழுத்துடு’ என்று செடிக்குள் செய்தி சொல்கிற வேதிப்பொருள் அது. செடியே இதைத் தனக்குள் மிகச் சிறிய அளவில் தயாரித்துக்கொள்ளும். அதையோ, அதேபோல வேலை செய்கிற செயற்கைப் பொருளையோ வெளியிலிருந்து தெளிப்பதுதான் இந்தத் தொழில்நுட்பம்.

முக்கியமாக ஐந்து வகை. வேர் விடவும் பூ, பிஞ்சு உதிராமல் இருக்கவும் ஆக்சின். தண்டு நீளவும் விதை உறக்கம் கலையவும் ஜிப்ரலின். செல் பிரிந்து புதுத் தளிர் வர சைட்டோகைனின். பழுக்க வைக்க எத்திலீன். வறட்சி வந்தால் ‘சும்மா இரு’ என்று செடியை அடக்க அப்சிசிக் அமிலம்.

இவை தவிர, வளர்ச்சியைக் குறைக்கிற பொருட்களும் உண்டு. பேக்லோபியூட்ரசால், குளோர்மிக்வாட் குளோரைடு ஆகியவை இந்த ரகம். செடி உயரமாகப் போகாமல் குட்டையாக நின்று, சத்தை வேருக்கோ பூவுக்கோ திருப்பிவிடும். மா மரத்தில் காய்ப்பைக் கூட்ட பேக்லோபியூட்ரசால் ஊற்றுவது பல தோப்புகளில் தெரிந்த வழக்கம்.

ஜிப்ரலின் கதையே சுவாரஸ்யமானது. ஜப்பானில் நெல் நாற்று ஒரு நோயால் தேவைக்கு மேல் நெடுநெடுவென வளர்ந்து, கதிர் பிடிக்காமல் சாய்ந்துவிடும். ‘முட்டாள் நாற்று’ நோய் என்று அதற்குப் பெயர். ஒரு பூஞ்சை சுரக்கிற பொருள்தான் காரணம் என்பதை 1926-ல் எய்ச்சி குரோசவா காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். ஆக, வளர்ச்சி ஊக்கி அறிவியலின் முதல் பாடமே ‘வளர்ந்தால் மட்டும் போதாது’ என்பதுதான்.

அளவு மாறினால் வேலையும் மாறும்

பரவை மார்க்கெட்டுக்கு வரும் மிளகாயை எடுத்துக்கொள்ளலாம். மிளகாயில் பூ கொட்டாமல் இருக்க என்.ஏ.ஏ. என்ற ஆக்சினை 10 பிபிஎம் அளவில் தெளிக்கச் சொல்வார்கள். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடையில் கிடைக்கிற 4.5 சதவீத என்.ஏ.ஏ. என்றால், 4.5 லிட்டர் தண்ணீருக்கு வெறும் 1 மில்லி. 10 லிட்டர் டேங்குக்கு 2 மில்லி சொச்சம்தான்.

ஆனா வயலில் நடப்பது என்ன? ‘ஒரு மூடி ஊத்து’ என்கிற கணக்கு. மூடி 10 மில்லி பிடிக்கும் என்றால், அது 10 பிபிஎம் இல்லை, 45 பிபிஎம். நாலரை மடங்கு! இதே என்.ஏ.ஏ.-வை ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சை உதிர்க்கவும் பயன்படுத்துகிறார்கள். பூவைப் பிடித்து வைக்கிற அதே பொருள், அளவும் நேரமும் மாறினால் பிஞ்சைக் கீழே தள்ளும்.

பாகல், சுரை, பீர்க்கு போன்ற கொடிகளில் எத்திலீனைத் தருகிற எத்திஃபான் பெண் பூவைக் கூட்டும். ஜிப்ரலின் சில கொடிகளில் ஆண் பூவைக் கூட்டும். காய்ப்பது பெண் பூவில். பாட்டில் மாறினால் பந்தல் நிறைய பூ இருக்கும், காய் இருக்காது.

மூலிகைப் பயிரில் என்ன வித்தியாசம்?

தக்காளி பெரிதாக வந்தால் அது நல்ல தக்காளி. மூலிகை அப்படி இல்லை. மருந்தாகப் பயன்படுகிற வேதிப்பொருட்களைச் செடி நமக்காகத் தயாரிப்பதில்லை. பூச்சி கடித்தால், ஆடு மாடு மேய்ந்தால், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாரிக்கிறது. கசப்பும் காரமும் விஷமும் செடியின் ஆயுதங்கள். அந்த ஆயுதத்தைத்தான் மனிதன் மருந்தாக எடுத்துக்கொண்டான்.

சொகுசாக வளர்கிற செடிக்கு ஆயுதம் அவ்வளவாகத் தேவைப்படாது. கரிசல் காட்டில் மழையை நம்பி விளைகிற சென்னாவும், தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு வளர்த்த சென்னாவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘திருநெல்வேலி சென்னா’ என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய இந்த இலை, தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் விளைந்து தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியாகிறது. ஊரில் இதை நிலாவாரை என்றும் அவுரி என்றும் சொல்வார்கள்; சாயத்துக்குப் பயன்படும் அவுரி வேறு. மலச்சிக்கலுக்கான மருந்துகளில் சேர்வது இதில் இருக்கும் சென்னோசைடு என்ற பொருள்.

அதனால் வளர்ச்சி ஊக்கி அடித்தால் மூலிகைப் பயிரில் மூன்று விதமாக நடக்கலாம். எடையும் சத்தும் சேர்ந்தே கூடலாம். எடை கூடி, சத்து அப்படியே இருக்கலாம். அல்லது எடை கூடி, சத்தின் சதவீதம் குறையலாம். இதில் எது நடக்கும் என்பதைப் பயிர், எந்தப் பாகத்தை அறுவடை செய்கிறோம், எந்த வயதில் தெளித்தோம், எந்த அளவில் தெளித்தோம் என்ற நான்கும் சேர்ந்து முடிவு செய்யும்.

நித்தியகல்யாணியில் நடந்த ஆய்வு

வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணிதான் உலகம் முழுக்கப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிற வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய மருந்துகளின் மூலம். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் முக்கியமானது. ஆனால் செடியில் இவை இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்று சொல்லப்படுவதுண்டு. வேரில் இருப்பது அஜ்மலிசின். அது ரத்த ஓட்டம் தொடர்பான மருந்துகளுக்குப் போகிறது.

இவ்வளவு அரிதான பொருள் என்பதால்தான், செடியைத் தூண்டி இதைக் கூடுதலாகச் சுரக்க வைக்க முடியுமா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் 2000-களின் பிற்பகுதியில் இதற்காகத் தொடர்ச்சியாக ஆய்வுகள் நடந்தன. பேக்லோபியூட்ரசால், ட்ரையடிமெஃபான் போன்ற டிரையசோல் வகைப் பொருட்களைக் கொடுத்தபோது நித்தியகல்யாணி வேரில் அஜ்மலிசின் கூடியதாக அவை பதிவு செய்தன. உத்தரப்பிரதேசத்தின் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் ஜிப்ரலின், ட்ரையகான்டனால் போன்றவற்றை வைத்து புதினா, நித்தியகல்யாணி உள்ளிட்ட பயிர்களில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டிரையசோல் செடியைக் குட்டையாக்கி, லேசான நெருக்கடியில் வைக்கிறது. அந்த நெருக்கடியில் செடி தன் ஆயுதக் கிடங்கைத் திறக்கிறது. அறுவடை செய்வது வேர் என்பதால் செடி குட்டையானால் நஷ்டம் இல்லை. இலைக்காக வளர்க்கிற பயிருக்கு இதையே செய்தால் கணக்கு வேறாகிவிடும். ஒரு பயிரின் ஆய்வு முடிவை இன்னொரு பயிருக்குத் தூக்கிப் போட முடியாது என்பது இதனால்தான்.

இன்னொன்று, பானை மண்ணில் அளந்து ஊற்றிய ஆய்வும், இரண்டு ஏக்கர் வயலில் ஸ்பிரேயர் வைத்து அடிப்பதும் ஒன்றல்ல. ஆய்வில் வந்த முடிவு வயலுக்கான சிபாரிசாக மாற, பல இடங்களில் பல பருவங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

செங்காந்தள்: தமிழ்நாட்டின் பூ, ஐரோப்பாவின் மருந்து

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டம் தாராபுரம், மூலனூர், கரூர் மாவட்டம் அரவக்குறிச்சி பக்கம் இது முக்கியமான பணப்பயிர். விதையில் இருக்கும் கோல்சிசின் கவுட் எனப்படும் மூட்டு வீக்க நோய்க்கு மருந்து. விதையில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குத்தான் போகிறது.

இந்தப் பயிரில் உழைப்பு அதிகம். கிழங்கு விலை அதிகம், பந்தல் செலவு தனி. பூவின் அமைப்பு காரணமாக மகரந்தம் தானாகச் சூல்முடிக்குப் போய்ச் சேருவது குறைவு. அதனால் பூக்கிற காலம் முழுக்க, காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அத்தனையும் செய்து விதை எடுத்தால், விலையோ ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் பாதியாக இறங்கும். அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது.

இவ்வளவு செலவு செய்தவருக்குப் பூ உதிர்ந்தால் எப்படி இருக்கும்? அந்தப் பதற்றத்தில்தான் மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கிற பாட்டில் செங்காந்தளுக்கும் போகிறது. பேராசை என்று இதைச் சொல்லிவிட முடியாது. காய் பிடிக்காவிட்டால் அந்த வருஷம் கடன்தான்.

எடையா, சத்தா? ஒரு சின்னக் கணக்கு

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு வயலில் 100 கிலோ காய்ந்த இலை, அதில் மருந்துச் சத்து 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தச் சத்து 3 கிலோ. வளர்ச்சி ஊக்கி அடித்ததில் இலை 120 கிலோ ஆகி, சத்து 2.4 சதவீதமாக இறங்கினால் மொத்தச் சத்து 2.88 கிலோ.

விவசாயிக்கு 20 கிலோ கூடுதல் எடைக்குக் காசு. வாங்கியவருக்கு 120 கிலோவுக்குப் பணம் கொடுத்தும் முன்பைவிடக் குறைந்த சத்து. வாங்குபவர் ஆய்வகத்தில் சோதித்தால், அடுத்த முறை விலையைக் குறைப்பார் அல்லது சரக்கையே திருப்பி அனுப்புவார். அந்த அடி கடைசியில் வயலுக்குத்தான் வரும்.

இதற்கு நேர்மாறாக, வேரில் சத்து கூடினாலும் விவசாயிக்கு லாபம் இல்லை. வியாபாரி வாங்குவது எடைக்கு. சத்துக்கு விலை கொடுக்காத சந்தையில், சத்தைக் காப்பாற்ற யாருக்கும் காரணம் இருக்காது. பிரச்சினையின் வேர் பாட்டிலைவிடத் தராசில்தான் அதிகம் இருக்கிறது.

பெரிய மருந்து கம்பெனி எப்படியும் சத்தைப் பிரித்தெடுத்து, அளந்து, மாத்திரையாக்கும். சத்து குறைந்தால் நஷ்டம் அவர்களுக்கு. நோயாளிக்குச் சரியான அளவு போய்ச் சேரும். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டி வாங்குகிற பொடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே அளப்பது ஸ்பூன்தான். சத்து கூடினாலும் குறைந்தாலும் சாப்பிடுபவருக்குத் தெரியாது. (கண்வலிக்கிழங்கு செடி முழுக்கவே கடும் விஷம். வீட்டு வைத்தியத்துக்கு அதை எடுக்கவே கூடாது.)

திராட்சையில் வாங்கிய அடி

இரண்டாவது சிக்கல், எச்சம். தெளித்த பொருள் அறுவடையிலும் மிச்சம் இருந்தால்?

2010-ல் இதை மகாராஷ்டிர திராட்சை விவசாயிகள் அனுபவித்தார்கள். கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த அடித்த குளோர்மிக்வாட் குளோரைடின் எச்சம் இந்தியத் திராட்சையில் அனுமதித்த அளவைத் தாண்டியதாக ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டது. கன்டெய்னர்கள் துறைமுகத்தில் தேங்கின. ஏற்றுமதியாளர்களும் விவசாயிகளும் பெரும் நஷ்டம் அடைந்தார்கள். அவர்கள் அடித்தது பூச்சிமருந்து இல்லை; வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற ஒரு பொருள்தான்.

அமெரிக்காவில் 1989-ல் ஆப்பிளுக்கு அடித்த டாமினோசைடு, அதாவது ‘அலார்’, இதே மாதிரி பெரும் சர்ச்சையாகி உணவுப் பயிர்களில் இருந்து விலக்கப்பட்டது. அதுவும் வளர்ச்சி ஒழுங்குபடுத்திதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பொருளுக்குத் தனி வரம்பு நிர்ணயிக்கப்படவில்லை என்றால், பொதுவான வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். முருங்கை இலைப்பொடி, சென்னா என்று வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்கு இது ரொம்ப முக்கியம். தமிழ்நாடு அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் மதுரையும் ஒன்று. இலையைக் காய வைத்துப் பொடியாக்கும்போது தண்ணீர் போய்விடும்; எச்சம் முழுதாகப் போகாது. பச்சை இலையில் வரம்புக்குள் இருந்தது, பொடியில் வரம்பைத் தாண்டலாம்.

பேக்லோபியூட்ரசாலில் இன்னொரு விஷயமும் உண்டு. அது மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். போன வருஷம் மா மரத்துக்கு ஊற்றிய தோப்பில் இந்த வருஷம் ஊடுபயிராக மூலிகை போட்டால், தெளிக்காமலே எச்சம் வர வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஜிப்ரலிக் அமிலம், எத்திஃபான், என்.ஏ.ஏ., பேக்லோபியூட்ரசால், குளோர்மிக்வாட் குளோரைடு போன்றவை 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் மற்றும் பதிவுக் குழுவிடம் பதிவு செய்தால்தான் விற்க முடியும். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எப்போது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல்களில் நெல், பருத்தி, தக்காளி, மிளகாய், திராட்சை, மா போன்ற பெரும் பயிர்களே அதிகம். மூலிகை விவசாயி தன் பயிரின் பெயரை லேபிளில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இன்னொரு பக்கம் ‘பயோஸ்டிமுலண்ட்’ எனப்படும் உயிரி ஊக்கிகள். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் எல்லாம் இந்த வகை. 2021 பிப்ரவரியில் இவை 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வரும் வளர்ச்சி ஊக்கிகள் இதில் சேராது என்று அந்த ஆணையே சொல்கிறது. அதாவது ‘கடற்பாசி’ என்று லேபிள் ஒட்டி உள்ளே ஜிப்ரலினைக் கலந்தால் அது சட்டவிரோதம்.

நிலைமை எவ்வளவு கட்டுப்பாடின்றி இருந்தது என்பதற்கு 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் சொன்னதே சாட்சி. சுமார் 30,000 பயோஸ்டிமுலண்ட் தயாரிப்புகள் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு இல்லாமல் விற்கப்பட்டதாகவும், கெடுபிடிக்குப் பிறகு எண்ணிக்கை சுமார் 650 ஆகக் குறைந்ததாகவும் அவர் கூறினார். யூரியா, டிஏபி வாங்க வரும் விவசாயி தலையில் இவற்றைக் கட்டாயமாகக் கட்டக் கூடாது என்று மாநிலங்களுக்குக் கடிதமும் எழுதினார்.

மருந்துத் தாவரச் சாகுபடிக்கு உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: வளர்ச்சிக்கோ பாதுகாப்புக்கோ ரசாயனம் போடுவதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வழி இல்லாதபோது மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அப்போ வளர்ச்சி ஊக்கியே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. நாற்றங்காலில் இதன் பயன் பெரிது. தண்டு வெட்டி நடுகிற பயிர்களில் ஐ.பி.ஏ. என்ற ஆக்சினில் முக்கி நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும். மாதக்கணக்கில் கழித்து அறுவடை செய்கிற பாகத்தில் அந்தச் சொட்டு மருந்தின் தாக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. திசு வளர்ப்பு வாழைக் கன்று போல, திசு வளர்ப்பு மூலிகைக் கன்றுகளும் ஆக்சின், சைட்டோகைனின் உதவியில்தான் உருவாகின்றன. காட்டில் அருகி வரும் மூலிகைகளைப் பெருக்க இது தேவை.

தொழிற்சாலையிலும் பயன் உண்டு. புற்றுநோய் மருந்தான பேக்ளிடாக்ஸலை மரத்தை வெட்டாமல், செல்களைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற தூண்டு பொருளைச் சேர்த்தால் அந்த செல்கள் மருந்தைக் கூடுதலாகச் சுரக்கும். அங்கே ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் அளவு உண்டு, சோதனை உண்டு. வயலில் இல்லாதது அதுதான்.

விவசாயி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* லேபிளில் உள்ளே இருக்கும் பொருளின் பெயரும் சதவீதமும் இருக்கிறதா? ‘மகசூல் பெருக்கி’ என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம்.
* பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு எண்ணோ, உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விவரமோ இருக்கிறதா?
* உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இல்லை என்றால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அல்லது வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம்.
* மூடியால் அளக்காதீர்கள். மில்லி குறித்த அளவைக் குடுவையோ ஊசி சிரிஞ்சோ போதும்.
* முதலில் இரண்டு பாத்தியில் மட்டும் அடித்து, அடிக்காத பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
* ஒப்பந்தச் சாகுபடி என்றால், எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சத்து சதவீதத்துக்குத் தனி விலை உண்டா என்றும் கேளுங்கள்.
* பில் இல்லாமல் வாங்காதீர்கள். பயிர் கெட்டால் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.
* எதை, எந்தத் தேதியில், எவ்வளவு அடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏற்றுமதிச் சரக்கில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

இனி என்ன?

செங்காந்தள், சென்னா, நித்தியகல்யாணி, முருங்கை இலை எல்லாமே தென் தமிழகத்தின் வறண்ட மண்ணுக்கு வருமானம் தருகிற பயிர்கள். இவற்றுக்கென்று வயலில் சோதித்துப் பார்த்த சிபாரிசு வந்து, சத்தைச் சோதித்து அதற்கேற்ற விலையும் கிடைத்தால், விவசாயி எந்த பாட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கத் தேவை இருக்காது.

அதுவரைக்கும் தராசு முள் எடையை மட்டும்தான் காட்டும். அந்த மூட்டைக்குள் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது, அதை நம்பிச் சாப்பிடுபவருக்குத் தெரியாமலே இருக்கும்.